இந்தப் புத்தகம் இந்தப் பிள்ளைக்குச் சரியா?

ஒரு மாணவரின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ற ஆங்கிலப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, கேட்கச் சின்ன வேலைபோலத் தோன்றும். அட்டையில் ‘ஐந்தாம் வகுப்புக்கு’ என்று அச்சடித்துவிட்டால் போதாதா? போதாது. அதே ஐந்தாம் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பாடத்திலேயே திணறுகிறவர் இருப்பார். எட்டாம் வகுப்புப் பாடத்தை மடமடவென்று படித்து முடிக்கிறவரும் இருப்பார். வகுப்பை வைத்து வயதைச் சொல்லலாம், வாசிப்பைச் சொல்ல முடியாது.

புத்தகத்துக்கு ஒரு மதிப்பெண், வாசகருக்கு ஒரு மதிப்பெண், இரண்டும் ஒரே அளவுகோலில். இதற்கான முயற்சி அமெரிக்காவில் நூறாண்டுகளாக நடக்கிறது. அங்குள்ள பள்ளிகளில் இன்று பரவலாகப் புழங்கும் அளவுகோலின் பெயர் லெக்ஸைல். ஜாக்சன் ஸ்டென்னர், மால்பர்ட் ஸ்மித் என்ற இருவர் வட கரோலினாவில் தொடங்கிய மெட்டாமெட்ரிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. முதல் வகுப்புப் பாடநூல்கள் ஏறக்குறைய 200, கலைக்களஞ்சியக் கட்டுரைகள் ஏறக்குறைய 1200 என்று இரு முனைகளை நட்டு, இடைவெளியைச் சமமாகப் பிரித்தார்கள். வெப்பமானியில் பனிக்கட்டி உருகும் புள்ளியையும் நீர் கொதிக்கும் புள்ளியையும் குறித்துக்கொள்வதுபோலத்தான்.

புத்தகத்துக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்? கணினி கதையைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை. முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, வாக்கியத்தின் நீளம். வாக்கியம் நீண்டால் அதன் தொடக்கத்தை முடிவுவரை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, சொல் எவ்வளவு புழக்கத்தில் உள்ளது என்பது. கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட தொகுப்பில் ஒரு சொல் அடிக்கடி வந்தால் அது எளிது, அரிதாக வந்தால் கடினம் என்று கணக்கு.

இதற்கு முன்னோடியான சூத்திரங்கள் இன்னும் எளிமையானவை. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் ஒன்றை வெளியிட்டார். சொல்லின் புழக்கத்துக்குப் பதில் அதன் அசைகளை (சிலபிள்) எண்ணினார். அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிக் கையேடுகளை எடைபோடுவதற்காக 1975இல் பீட்டர் கின்கெய்ட் குழுவினர் அதைத் திருத்தினார்கள். அதை நாமே போட்டுப் பார்க்கலாம். வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொற்கள் என்பதை 0.39ஆல் பெருக்குங்கள். சொல்லுக்குச் சராசரி எத்தனை அசைகள் என்பதை 11.8ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, 15.59ஐக் கழியுங்கள். வாக்கியத்துக்கு 15 சொற்கள், சொல்லுக்கு 1.5 அசை என்றால் விடை 7.96. அதாவது அமெரிக்க எட்டாம் வகுப்பு நிலை.

சரி, வாசகருக்கு? சிறு சிறு பத்திகளைப் படிக்கக் கொடுத்து, விடுபட்ட சொல்லை நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் வகுத்த முறைப்படி, பத்தியின் கடினத்தையும் மாணவர் சரியாகச் சொன்ன விடைகளையும் வைத்து அவருடைய எண் வருகிறது.

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் அழகு. ராஷ் முறையில் மாணவரின் எண்ணோ புத்தகத்தின் எண்ணோ தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தீர்மானிக்கிறது. 1000 எண் பெற்ற மாணவர் 1000 எண்ணுள்ள நூலைப் படித்தால், நான்கு கேள்விகளில் மூன்றுக்குச் சரியாகப் பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கிறார்கள், 75 சதவீதம். நூல் 1250 என்றால் அது 50ஆகக் குறையும். 1500 என்றால் 25. மறுபக்கம் 750 என்றால் 90ஆக உயரும். இந்த எண்கள் தாறுமாறாகக் குதிப்பதுபோல் தெரியலாம். சரியும் தவறும் எந்த விகிதத்தில் வருகின்றன என்று பாருங்கள்: 1500இல் ஒரு சரிக்கு மூன்று தவறு, 1250இல் ஒன்றுக்கு ஒன்று, 1000இல் மூன்று சரிக்கு ஒரு தவறு, 750இல் ஒன்பது சரிக்கு ஒரு தவறு. நூலின் எண் ஒவ்வொரு 250 புள்ளி இறங்கும்போதும் தவறுக்குச் சரி என்ற இந்த விகிதம் மூன்று மடங்காகிறது.

ஆனால் எண் பார்க்காத விஷயம் நிறைய இருக்கிறது. ‘தி கேட் சேட் ஆன் தி மேட்’, ‘டைம் இஸ் நாட் வாட் இட் வாஸ்’ என்ற இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆறு சொற்கள், ஆறு அசைகள். கின்கெய்ட் சூத்திரம் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் போடும். பூனை பாயில் உட்கார்ந்ததை நான்கு வயதுக் குழந்தை மனக்கண்ணில் பார்த்துவிடும். இரண்டாவது வாக்கியத்தை உணர்வதற்குக் கொஞ்சம் வாழ்ந்திருக்க வேண்டும். இதே காரணத்தால்தான் ஜான் ஸ்டைன்பெக் பெரியவர்களுக்காக எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலுக்கு லெக்ஸைல் 680 என்று வருகிறது. எண்ணை மட்டும் நம்பினால் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படிக்கலாம்!

வாசகர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பதும் சூத்திரத்துக்குள் வராது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்கு தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். அதனால், டைனோசர் பைத்தியமாக அலையும் பிள்ளையிடம் “உன் எண்ணுக்கு இந்தப் புத்தகம் கிடையாது” என்று பிடுங்கி வைப்பது பெரிய அநியாயம். அமெரிக்கப் பள்ளி நூலகர்களின் சங்கமே நூலகப் புத்தகங்களில் வாசிப்பு நிலை முத்திரை ஒட்டுவதை எதிர்த்திருக்கிறது.

தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். ‘எலெக்ட்ரிசிட்டி’ என்ற ஐந்து அசைச் சொல்லைச் சூத்திரம் கடினம் என்று கருதும். நம் பிள்ளைக்கு அது பால்குடி வயதிலிருந்து காதில் விழும் சொல். ‘ஹி புட் அப் வித் இட்’ என்பதில் எல்லாமே குட்டிச் சொற்கள், எல்லாமே அன்றாடச் சொற்கள். அவன் அதைப் பொறுத்துக்கொண்டான் என்று பொருள் வருவதை எந்தச் சொல்லிலிருந்து ஊகிப்பது? எனவே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மனதில் வைத்துப் போட்ட எண்ணை நம் வகுப்பறைக்கு அப்படியே இறக்கக் கூடாது.

இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கென்று தனி வழி ஒன்று உண்டு. அது வளர்ந்ததே நம் துணைக்கண்டத்தில்தான். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் வங்காளத்தில் கற்பித்தபோது, பாடநூல்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்து வருவதைக் கண்டார். சொற்களைக் கட்டுப்படுத்தி, புதுச் சொல் ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டு அறிமுகப்படுத்தி, திரும்பத் திரும்ப வரும்படி வாசிப்பு நூல்களை எழுதினார். பின்னாளில் ஹூவும் பால் நேஷனும் செய்த ஆய்வு இதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது: யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளை படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். இரண்டு விரல் வரை மடங்கினால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். மூன்று நான்கு என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிக்க வைக்கலாம். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு வேறு புத்தகம். அப்புறம் ஒரு பத்தியை மூடிவைத்து, என்ன நடந்தது என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொற்கள் எல்லாம் தெரிந்தும் கதை சொல்ல வரவில்லையென்றால், ‘புட் அப் வித்’ போன்ற ஏதோ ஒன்றில் பிள்ளை இடறியிருக்கக்கூடும்.