ஒரு பக்கம் சீவல், மறுபக்கம் சிராய்

ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பது வயதுப் பேத்திக்கு முதன்முதலாக ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்து, குச்சியைச் சீவி மீன் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். வயிற்றிலிருந்து வாலை நோக்கிச் சீவும்போது வழவழவென்று சுருள் சுருளாக வருகிறதாம். வால் தொடங்கும் இடுப்பைத் தாண்டியதும் அதே கத்தி, அதே கை, அதே குச்சி, வால் மட்டும் 'படக்' என்று பிளந்துவிடுகிறதாம். இதுவரை மூன்று மீன்கள் வாலிழந்துவிட்டன. "மரத்துக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லையா, தாத்தா?" என்று பேத்தி கேட்டிருக்கிறாள். தாத்தாவுக்கு வேறொரு கவலையும் இருக்கிறது: சின்னப் பிள்ளையாயிற்றே, கத்தியைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுத்தால் நல்லதில்லையா?

பேத்தியின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பைன் போன்ற மரங்களில் ஒரு குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அகலமோ மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குதான். குழாயின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது லிக்னின். இழையை நீளவாக்கில் இழுத்து அறுப்பது பெரும்பாடு, ஒட்டைப் பிரிப்பது எளிது. விறகு பிளந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

விறகு பிளப்பதையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோடாரி கட்டைக்குள் இரண்டு விரற்கடைதான் இறங்கியிருக்கும், பிளவோ ஒரு சாண் கீழே போய்விட்டிருக்கும். அதாவது கோடாரியின் கூர் அந்த நேரத்தில் எதையும் வெட்டிக்கொண்டிருக்கவில்லை, வெறும் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கோடாரியின் கன்னங்கள் இரண்டு பக்கமும் நெம்ப, பிளவு தன் பாட்டுக்கு முன்னே ஓடுகிறது. மடக்குக் கத்தியால் குச்சி சீவும்போதும் இதே நாடகம்தான், அளவுதான் சிறியது. கத்தி வெட்டுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல நேரங்களில் அதன் கூர் மரத்தைத் தொடுவதே இல்லை! முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட நாளில் கையிலிருந்த பென்சிலைப் பாழாக்கும் வரை சீவிப் பார்த்தேன்.

பிளவு எப்போது ஓடும்? கண்ணாடி ஏன் உடைகிறது என்று யோசித்த ஆங்கிலேயப் பொறியியலாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு வரவு செலவுக் கணக்காக்கினார். வளைத்து இறுக்கிய பொருளில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. பிளவு கொஞ்சம் நீண்டால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி விடுபடும், அது வரவு. புதிதாக இரண்டு பரப்புகளைத் திறக்க ஆற்றல் வேண்டும், அது செலவு. வரவு செலவை எட்டிய கணத்தில் பிளவு நகரும். கண்ணாடியில் எந்தத் திசையில் போனாலும் ஒரே விலை. மரத்தில் அப்படியில்லை. இழையோடு போனால் மலிவு, இழையைக் குறுக்கே அறுத்துப் போனால் கொள்ளை விலை. ஆகவே கத்தியை நீங்கள் எந்தப் பக்கம் சாய்த்தாலும், பிளவு இழையின் வழியைத்தான் பார்க்கும்.

இப்போது அந்த மீனுக்கு வருவோம். குச்சியில் இழைகள் தலையிலிருந்து வால்வரை நேராக ஓடுகின்றன. மீனின் வடிவம்தான் ஏறி இறங்குகிறது. வயிறு பருத்திருக்கிறது, இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, வால் மறுபடி விரிகிறது. வயிற்றிலிருந்து இடுப்புக்குச் சீவுவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது. அந்தச் சரிவில் ஒவ்வோர் இழையும் மேற்பரப்பில் வந்து முடிகிறது. கத்திக்கு முன்னே பிளவு ஓடினாலும், இழையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் வெளிக்காற்றுக்கு வந்துவிடும். சீவல் தானே கழன்று விழும், மீனுக்குச் சேதமில்லை.

இடுப்பைத் தாண்டியதும் கத்தி ஏற வேண்டியிருக்கிறது. பிளவு ஏறுவதில்லை. அது இழையோடு நேரே வாலின் உள்ளே நுழைந்துவிடுகிறது. இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். பிளவு உள்ளே போகப் போக, மேலே பெயரும் சீவலின் தடிமன் கூடுகிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். தடிமன் இரண்டு மடங்கானால் வளைவதற்கான எதிர்ப்பு எட்டு மடங்கு. மெல்லிய சீவல் நெம்பினால் வளைந்து சுருண்டு கொடுத்துவிடும். தடித்த சீவல் வளையாது, கடப்பாரையாக மாறி அடியிலிருக்கும் ஒட்டைப் பெயர்க்கும். பிளவு இன்னும் உள்ளே போகும், சீவல் இன்னும் தடிக்கும். தடுமாறிய கை நிற்பதற்குள் வால் தனியே வந்துவிடும். மரத்துக்கு அந்தப் பக்கம் பிடிக்காமல் இல்லை, பாப்பா. நீ ஏறினாய், பிளவு ஏற மறுத்தது.

இதை நேரில் பார்க்கலாம். தாத்தா கத்தியைப் பிடித்து, இறங்குசரிவில் ஒரு மெல்லிய சீவலைப் பாதியில் நிறுத்தட்டும். பேத்தி உருப்பெருக்கியால் கத்திவாயின் அடியில் பார்க்கட்டும். உலோகமும் மரமும் ஒட்டியிருக்கும். அடுத்து ஏறுசரிவில் தடிமனாகக் கொடுத்து நிறுத்துங்கள். கத்திவாய்க்கு முன்னால் மயிர்க்கோடு போல ஒரு கறுப்பு இடைவெளி தெரியும். காதைக் கிட்டே வைத்தால் 'டிக், டிக்' என்று இழைகள் பிரியும் ஓசையும் கேட்கும். அந்த ஓசையைப் பழக்கிக்கொண்ட கை, மரம் பிளக்கப்போவதை முன்கூட்டியே அறிந்து நின்றுவிடும்.

பரிகாரம் எளிது. இடுப்புக்கு இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வர வேண்டும். வால் பக்கம் வரும்போது குச்சியைத் தலைகீழாகத் திருப்பி, வால் நுனியிலிருந்து இடுப்புக்குச் சீவ வேண்டும். அதற்கும் முன்னால், இடுப்பைச் சுற்றிக் குறுக்காக ஒரு வெட்டுப் போட்டுவிடுவது நல்லது. அங்கே இழைகள் ஏற்கெனவே அறுந்திருப்பதால், அந்த ஆழத்துக்குள் ஓடிவரும் பிளவு எதுவானாலும் அந்த வெட்டில் வந்து முடிந்துவிடும். குறுக்கே பள்ளம் வெட்டுவது மனிதனுக்கு மிகப் பழைய வித்தை. ஜாம்பியாவின் கலம்போ அருவியருகே கிடைத்த இரண்டு மரக்கட்டைகள், ஒன்றில் வெட்டிய பள்ளத்தில் மற்றொன்று பொருந்தும்படி இணைக்கப்பட்டிருந்தன. 2023-இல் வெளியான ஆய்வின்படி அவற்றின் வயது ஏறத்தாழ 4,76,000 ஆண்டுகள். நம் இனமே அப்போது தோன்றியிருக்கவில்லை.

அழுத்தித் தள்ளாமல் இழுத்துச் சீவுவது இன்னொரு பாடம். செங்குத்தான மலையில் நேரே ஏறாமல் பாதை வளைந்து வளைந்து போவது எதற்காக? சரிவு குறைகிறது. கத்தியும் அப்படியே. வாய் 30 டிகிரிக் கோணத்தில் தீட்டப்பட்டிருந்தாலும், அது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே 60 டிகிரி சாய்வாக முன்னேறினால், மரம் உணர்வது ஏறக்குறைய பாதிக் கோணத்தைத்தான். பிடியருகே தொடங்கி நுனியருகே முடியும் வீச்சு என்று பேத்திக்குச் சொன்னால் போதும்.

இனி தாத்தாவின் கேள்வி. தயவுசெய்து மழுக்காதீர்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. வாய் மழுங்கினால் பரப்பு கூடும், அதே அழுத்தத்துக்குக் கை அதிகமாகத் தள்ள வேண்டும். மழுங்கிய வாய் இழையை அறுக்காது, நசுக்கிக்கொண்டே நிற்கும். பிறகு திடீரென மரம் விடும். தேக்கிவைத்த விசையெல்லாம் கத்தியோடு கிளம்பும். கண்ணால் கண்டு கை எதிர்வினையாற்றச் சுமார் 0.2 நொடி ஆகும். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போகும் கை அதற்குள் 40 சென்டிமீட்டர் போய்விட்டிருக்கும். என் இடது கட்டைவிரலில் இன்றும் இருக்கும் வடு, பன்னிரண்டு வயதில் ஒரு மொட்டைக் கத்தி போட்டது. கூரான கத்தியால் பட்ட காயம் ஒன்றுகூட எனக்கு நினைவில் நிற்கவில்லை.

ஆகவே கத்தி தப்பினால் போகக்கூடிய வழியில் எதுவும் இருக்கக் கூடாது. மடியில் வைத்துத் தொடைகளுக்கு நடுவே சீவக் கூடாது, தொடையின் உட்புறத்தில் பெரிய தமனி ஓடுகிறது. முழங்கைகளை முட்டியில் ஊன்றி, முட்டிக்கு அப்பால் வெளிப்பக்கமாகச் சீவட்டும். நுணுக்கமான இடத்தில் குச்சியைப் பிடித்த கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்துத் தள்ளினால், விரல் நீளும் தூரத்துக்கு மேல் கத்தி போகவே முடியாது. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியாக இருக்க வேண்டும். வெறும் வில்லால் (ஸ்பிரிங்) மட்டும் நிற்கும் கத்தி, குத்தும்போது விரல்மேலேயே மடங்கிவிடலாம்.

கூர் எப்படிப் போகிறது என்பதே தனிக் கதை. மயிர் எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. பிறகு சவரக் கத்தி ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் மயிரை வெட்டிப் பார்த்து 2020-இல் விடை சொன்னார்கள். மயிர் வளைந்து சாய்வாகப் படும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடங்களில் வாய் நுணுக்கமாகச் சில்லுப் பெயர்கிறது. 'சவரக் கத்தியை ஆராயப் பணம் கொடுங்கள்' என்று ஒருவர் விண்ணப்பித்தால் நிதிக்குழுவில் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள்தான் தினமும் காலையில் அந்தக் கத்தியைக் கன்னத்தில் வைக்கிறார்கள். எஃகு எங்கே தோற்கிறது என்று பார்க்காமல் நல்ல எஃகு செய்துவிட முடியாது.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும், பதிலுக்கு ஒரு காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. காசு வாங்குவதானால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு சாணைக்கல் வாங்கிக் கொடுங்கள்.

ஈரம் காயாத பச்சைக் குச்சி சீவ எளிது. குழாய்ச் சுவர்களுக்குள் புகுந்த நீர் இழைகளின் பிணைப்பைத் தளர்த்திவைத்திருக்கிறது. ஆனால் காயும்போது மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த ஏற்றத்தாழ்வில்தான் வெடிப்பு விழுகிறது. கிளையை முதலில் நெடுக்கே இரண்டாகப் பிளந்து, தண்டின் மையத்திலுள்ள மென்மையான நடுச்சோற்றை நீக்கிவிட்டுச் செய்யும் மீன் வெடிக்காமல் தப்ப வாய்ப்பு அதிகம். பெயர் தெரியாத மரத்தின் கிளை வேண்டாம். அரளி நச்சு.

கடிதத்தோடு வந்த படத்தில், நான்காவது குச்சியின் ஒரு முனைக்குப் பக்கத்தில் கணு ஒன்று தெரிகிறது. கணு என்பது பக்கக்கிளையின் அடிப்பகுதி. தண்டின் இழைகள் ஆற்றில் பாறையைச் சுற்றும் நீரைப் போல அதைச் சுற்றிப் போகும், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பாதி வழியில் ஏறுசரிவாகிவிடும். அந்த முனையைத் தலையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணு இருக்கும் இடம் மீனின் கண், அங்கே கத்தி படவே வேண்டாம்.