பிரிட்டனில் வணிக பாய்லர் சர்வீஸ்: அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

உணவகம், கல்யாண மண்டபம், முதியோர் இல்லம், கோயில் என்று எதை நடத்தினாலும், கட்டடத்தின் ஏதோ ஒரு மூலையில் கேஸ் பாய்லர் இருக்கும். அதை யார் கழற்றலாம், யார் கழற்றக்கூடாது என்பதில் பிரிட்டன் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் கூப்பிடுகிற நமக்குத்தான். வந்தவரிடம், பதிவு பெற்ற கேஸ் இன்ஜினீயருக்குத் தரப்படும் கேஸ் சேஃப் அட்டை இருக்கிறதா என்று கேட்கிறோம், காட்டுகிறார், பாய்லர் இருக்கும் பிளான்ட் ரூம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அந்த அட்டை இந்த பாய்லருக்குச் செல்லுமா என்று பார்ப்பதில்லை. வீட்டு பாய்லருக்கு மட்டும் தகுதி பெற்றவர் 150 கிலோவாட் பாய்லரைத் திறந்தால், அந்த வேலையைப் பொறுத்தவரை அவர் தகுதியில்லாதவர்தான்.

பொறுப்பு யாருடையது?

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்துவது 1998-ஆம் ஆண்டின் கேஸ் நிறுவல், பயன்பாட்டுப் பாதுகாப்பு விதிகள். வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு. இந்த விதிகளில் இடத்தை நடத்துகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு.

விதி 3, தகுதியில்லாதவர் கேஸ் வேலை செய்வதைத் தடுக்கிறது. அதோடு நிற்காமல், தன் கட்டுப்பாட்டில் உள்ள பணியிடத்தில் அந்த வேலையைச் செய்யச் சொன்ன முதலாளியும், வருகிறவர் அங்கீகரிக்கப்பட்ட பதிவில் இருப்பவர்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பதிவுதான் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர். 2009 ஏப்ரல் 1 வரை கோர்கி என்ற பெயரில் இருந்தது. இன்னும் ‘கோர்கி இன்ஜினீயர்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கோர்கி அட்டை இன்று செல்லாது.

விதி 35, பணியிடத்திலுள்ள கேஸ் சாதனம், குழாய், புகைபோக்கி மூன்றையும் பாதுகாப்பான நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. இதில் ‘ஆண்டுக்கு ஒரு முறை’ என்ற சொல் கிடையாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதம் நிற்காது. பாய்லர் தயாரிப்பாளரின் கையேடு அநேகமாக ஆண்டு சர்வீஸைத்தான் கேட்கும். விபத்து நடந்தால் ‘பாதுகாப்பாகப் பராமரித்தீர்களா’ என்ற கேள்விக்கு முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கையேட்டைத்தான். விதிகளை மீறினால் எல்லையில்லா அபராதமும், கிரவுன் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

தொழிற்சாலை, பண்ணை, சுரங்கம் போன்ற இடங்களுக்கு இந்த விதிகளில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே 1974-ஆம் ஆண்டின் பணியிடச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் அதே வேலையைச் செய்கிறது. கடை, உணவகம், அலுவலகம், பள்ளி, மண்டபம், கோயில் எல்லாம் விதிகளுக்கு உட்பட்டவையே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நம்ம பையன் ஊரில் பத்து வருஷம் கேஸ் வேலை பார்த்தவன்’ என்பது இங்கே தகுதி ஆகாது. ஊழியரையே வைத்துச் செய்வதானால், முதலாளியின் நிறுவனம் பதிவில் இருக்க வேண்டும், அந்த ஊழியருக்கும் உரிய தகுதியும் அட்டையும் இருக்க வேண்டும். லாக்அவுட் ஆன, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றுபோன, பாய்லரின் ரீசெட் பொத்தானைக் கையேட்டில் சொன்னபடி ஒரு முறை அழுத்துவது யாரும் செய்யக்கூடியது. மறுபடியும் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவி ஏதோ சொல்கிறது. திரும்பத் திரும்ப அழுத்தினால் எரியாத கேஸ் உள்ளே சேரும்.

அட்டையின் இரண்டு பக்கம்

முன்பக்கத்தில் புகைப்படம், பெயர், நிறுவனம், லைசென்ஸ் எண், காலாவதி தேதி, ஹாலோகிராம் இருக்கும். இதை ஒப்பிடுவது எளிது. பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. அவர் எந்தெந்தச் சாதனங்களில் வேலை செய்யலாம், அது வீட்டுச் சாதனமா வணிகச் சாதனமா, இயற்கை வாயுவா எல்.பி.ஜி.யா என்று அங்கே போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது வணிக வகையில் பாய்லர், அதுவும் உங்களிடம் உள்ள எரிபொருளுக்கு. ஊருக்கு வெளியே தொட்டியிலிருந்து எல்.பி.ஜி. வாங்கும் மண்டபத்துக்கு, இயற்கை வாயு மட்டும் போட்ட அட்டை உதவாது.

ஆள் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சரிபார்க்கலாம். நிறுவனத்திடம், வரப்போகிறவரின் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். கேஸ் சேஃப் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், 0800 408 5500-இல் கேட்கலாம், அல்லது ‘கேஸ்’ என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளோடு எண்ணைச் சேர்த்து 85080-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். நிறுவனம் பதிவில் இருப்பது வேறு, அதன் ஒவ்வொரு ஆளுக்கும் உள்ள தகுதி வேறு. வேனில் மஞ்சள் முக்கோணச் சின்னம் ஒட்டியிருப்பதால், வண்டியிலிருந்து இறங்குகிறவர் வணிக பாய்லர் ஆள் என்று ஆகிவிடாது.

எங்கே ‘வீடு’ முடிந்து ‘வணிகம்’ தொடங்குகிறது? கட்டடம் கடையா வீடா என்பது முடிவு செய்வதில்லை. பாய்லரின் நிகர வெப்ப உள்ளீடு (எரியும் கேஸ் தரும் வெப்பத்தில், புகையின் நீராவியோடு போவதைக் கழித்தது) 70 கிலோவாட்டைத் தாண்டுகிறதா என்பது முதல் கோடு. பாய்லரின் டேட்டா பிளேட் என்ற விவரத் தகட்டில் இந்த எண் இருக்கும். இரண்டாவது குழாய்: 35 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம், அல்லது கட்டடத்துக் குழாயின் மொத்தக் கொள்ளளவு 0.035 கனமீட்டருக்கு மேல், அல்லது மணிக்கு 16 கனமீட்டருக்கு மேல் கொடுக்கும் மீட்டர் என்றால், கசிவுச் சோதனையே வேறு முறை, அதற்கு வேறு தகுதி. இங்கேதான் கண்ணைக் கட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. சுவரில் 60 கிலோவாட் பாய்லர் நான்கை வரிசையாக மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் 70-க்குக் கீழே, பார்ப்பதற்கும் வீட்டு பாய்லர் மாதிரியே. ஆனால் மொத்தம் 240 கிலோவாட், பொதுக் குழாய், பல இடங்களில் பொதுப் புகைபோக்கி. இதை வீட்டு பாய்லர் ஆளிடம் கொடுக்கக்கூடாது. மறுபக்கம், சிறிய சலூனில் 24 கிலோவாட் பாய்லரும் சாதாரண வீட்டு மீட்டரும் இருந்தால், பெரும்பாலும் வீட்டுத் தகுதியே போதும்.

ஏ.சி.எஸ். என்ற மதிப்பீட்டுத் தேர்வில் வணிகப் பகுதி தேறியவருக்குத்தான் அந்த வகை அட்டையில் ஏறும். வணிக பாய்லருக்கு உரியது ‘சிகா 1’; அதற்கு அடிப்படையாக வணிக கேஸ் பாதுகாப்புத் தாள் ஒன்றும் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் தேர்வு. சமையலறை இதிலிருந்து முற்றிலும் தனி: தோசைக்கல் அடுப்பு, ஃபிரையர், தந்தூரி எல்லாம் ‘காம்கேட்’ வரிசை. பாய்லரைப் பார்க்க வந்தவரிடம் ‘அப்படியே அடுப்பையும் ஒரு பார்வை பாருங்களேன்’ என்று சொல்வதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

சர்வீஸ் என்றால் என்ன செய்ய வேண்டும்

விலை கேட்கும்போதே, சர்வீஸா வெறும் பாதுகாப்புச் சோதனையா என்று கேட்டுவிடுங்கள். சோதனை என்றால் ஓடவிட்டு அளந்து எழுதிக் கொடுப்பது. உள்ளே திறந்து சுத்தம் செய்வது அதில் வராது. மலிவாகத் தெரியும் விலை பல நேரம் இதுதான்.

வேலை முடிந்ததும் நான்கு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும் என்று விதி 26 சொல்கிறது: புகைபோக்கி சரியாக இழுக்கிறதா, எரிவதற்குக் காற்று வருகிறதா, இயங்கும் அழுத்தம் அல்லது வெப்ப உள்ளீடு சரியா, பாதுகாப்பாக இயங்குகிறதா. உள்ளீட்டை நீங்களே மீட்டரில் ஒத்துப்பார்க்கலாம். இயற்கை வாயு ஒரு மணி நேரத்தில் 1 கனமீட்டர் எரிந்தால் ஏறத்தாழ 10.8 கிலோவாட் மொத்த உள்ளீடு (நீராவியோடு போவதைக் கழிக்காத கணக்கு). மற்றச் சாதனங்கள் எல்லாம் அணைந்திருக்க, 150 கிலோவாட் மொத்த உள்ளீடுள்ள பாய்லர் முழுவேகத்தில் ஓடினால், இரண்டு நிமிடத்தில் மீட்டர் சுமார் 0.46 கனமீட்டர் நகர வேண்டும். மிகக் குறைவாக நகர்ந்தால் பர்னரோ அழுத்தமோ சரியில்லை.

புகை பகுப்பாய்வுக் கருவியின் அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்: சர்வீஸுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, முழுவேகத்திலும் குறைந்த வேகத்திலும். கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, இரண்டின் விகிதம் மூன்றும் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் எடுக்கும் கண்டென்சிங் பாய்லரில் இயற்கை வாயுவுக்கு கார்பன் டை ஆக்சைடு பொதுவாக 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் காற்று போதவில்லை. அங்கிருந்து கார்பன் மோனாக்சைடு மளமளவென்று கூடும். கருவிக்கு ஓராண்டுக்குள் எடுத்த அளவீட்டுச் சான்று இருக்கிறதா என்றும் கேட்கலாம். சரியான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திறந்து செய்யும் வேலையில் கவனிக்க வேண்டியவை இரண்டு: பர்னர் கதவின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் ஒன்று, புகையிலிருந்து வடியும் தண்ணீர் தேங்கும் கண்டென்சேட் டிராப் மற்றொன்று. கேஸ்கெட்டைப் பழையதையே திரும்ப மாட்டினால் சூடான புகை ஓரத்தில் கசிந்து உறையைத் தின்னும். பல மாடல்களில் திறக்கும்போதெல்லாம் மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும். மாற்றிய பாகத்தின் எண் பில்லில் இருக்கிறதா பாருங்கள். டிராப்பைக் கழுவிவிட்டுத் தண்ணீர் நிரப்பாமல் மாட்டுவது அவசரக்காரர்கள் செய்கிற தவறு. அதில் நிற்கும் தண்ணீர்தான் புகையைத் தடுக்கிறது. காலியாக இருந்தால் புகைவாயு கழிவுக் குழாய் வழியே அறைக்குள் வரும். டிராப் அடைத்துக்கொண்டால் நேர் எதிர்: தண்ணீர், சுடரின் சூட்டை நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஏறிச் சுடரைக் கெடுக்கும்.

கேஸை மூடிச் சுடர் அணைந்ததும் பாய்லர் தானாக லாக்அவுட் ஆகிறதா, அதிவெப்ப தெர்மோஸ்டாட்டும் குறைந்த நீரழுத்த ஸ்விட்சும் அதை நிறுத்துகின்றனவா என்பதையும் அன்றைக்கே சோதிக்க வேண்டும்.

கையில் வரவேண்டிய காகிதம்: வணிக இடத்துக்கான சர்வீஸ் பதிவு பெரும்பாலும் சி.பி.15, பாதுகாப்பு அறிக்கை சி.பி.17, சமையலறைக்கு சி.பி.42. இவை கோர்கி காலத்துப் படிவப் பெயர்கள். சட்டம் குறிப்பிட்ட படிவத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. வணிக பாய்லருக்கு வீட்டுச் சான்றான சி.பி.12-ஐ எழுதிக் கொடுத்தால், எழுதியவரின் அட்டையை மறுபடி பார்க்கவேண்டிய நேரம்.

பிளான்ட் ரூம்

இன்ஜினீயர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் போனபின் அறையைக் கெடுப்பது நாம்தான். வெளிச்சுவரிலுள்ள காற்றுத் திறப்பு குளிருகிறது என்று அட்டைப்பெட்டியால் மூடப்படும். மண்டபத்து நாற்காலியும் அரிசி மூட்டையும் அதற்கு முன்னால் அடுக்கப்படும். அறைக்காற்றை எடுத்து எரியும் பாய்லருக்கு, வெளியே நேராகத் திறக்கும் காற்றுவழி, நிகர உள்ளீட்டில் கிலோவாட்டுக்குத் தரையருகே 4 சதுர சென்டிமீட்டரும் கூரையருகே 2 சதுர சென்டிமீட்டரும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 150 கிலோவாட் பாய்லருக்குத் தரையருகே 600, கூரையருகே 300 சதுர சென்டிமீட்டர். இது கம்பிகளைக் கழித்து மிஞ்சும் வெற்றிடம். 600 என்பது கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளின் பரப்பு. சலவை அறையிலிருந்து வரும் பஞ்சுத் தூசியே பாதியை அடைத்துவிடும்.

சிவப்புச் சீட்டு ஒட்டினால்

ஆபத்து கண்டால் இன்ஜினீயர் அதை இரண்டு வகையில் ஒன்றாகப் பதிவார். ‘உடனடி ஆபத்து’ என்றால் உங்கள் அனுமதியோடு கேஸைத் துண்டித்து எச்சரிக்கைச் சீட்டை ஒட்டுவார். ‘ஆபத்துக்கு வாய்ப்பு’ என்றால் அனுமதியோடு அணைத்துவிடுவார். நீங்கள் மறுத்தால், உடனடி ஆபத்து விஷயத்தில் அவர் அவசர கேஸ் சேவையை அழைப்பார். அவர்களுக்கு உள்ளே வந்து துண்டிக்கும் அதிகாரம் உண்டு. ஆபத்தானது என்று தெரிந்தபின் ‘இன்றைக்கு ஒரு கல்யாணம் மட்டும் முடியட்டும்’ என்று போட்டுவிட்டால் விதி 34-ஐ மீறியவர் நீங்கள், இன்ஜினீயர் அல்ல.

கடைக்கு மேலே வாடகை ஃபிளாட்கள் இருந்து, கீழே உள்ள பாய்லரே அவற்றுக்கும் சூடு கொடுத்தால், வீட்டு உரிமையாளருக்கான விதி 36-உம் சேரும். இங்கே 12 மாதம் என்று சட்டமே சொல்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு, 10-ஆம் மாதம் முடிந்தபின் சோதித்தாலும் பழைய கெடு தேதி மாறாது. கடைசி வாரத்தில் ஓட வேண்டியதில்லை. சான்றின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும், புதிதாக வருபவருக்குக் குடியேறுமுன்பே. அக்டோபரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஹீட்டிங் நினைவு வரும் என்பதால், ஜூலை, ஆகஸ்டில் தேதி வாங்குவது புத்திசாலித்தனம்.

கேஸ் வாசம் வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ இந்தச் சரிபார்ப்பு எதுவும் வேண்டாம்: ஆட்களை வெளியேற்றுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், போகிற வழியில் இருந்தால் வால்வை மூடுங்கள், வெளியே நின்று 0800 111 999-ஐ அழையுங்கள்.