செஸ் ஆட்டம் முடிந்த பிறகு வரும் புகாரை நடுவரான நான் என்ன செய்வது?

இரண்டு பேரும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. காய்களைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு வெளியேயும் போயாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து நடுவர் மேசைக்கு ஒரு அப்பா, ஒரு பயிற்சியாளர், அழுது முகம் சிவந்த ஒரு பிள்ளை என்று மூன்று பேர் வருவார்கள். "சார், அந்தப் பையன் பிஷப்பைத் தொட்டுட்டு குதிரையை வச்சிருக்கான், நீங்க கேக்கவே இல்லையே?" எந்த மூவில் என்று கேட்டால் 14ஆவது மூவில் என்பார்கள். ஆட்டம் முடிந்தது 50க்கு மேலே. நடுவில் அத்தனை மூவும் அந்தப் பிள்ளை வாயே திறக்காமல் ஆடியிருக்கிறது.

போன போட்டியிலும் இதே கதை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதி. எதிராளி டச் மூவை, அதாவது தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதியை மீறினார், ஒற்றைக் கைக்குப் பதில் இரண்டு கையாலும் காயை நகர்த்தினார், கேஸ்லிங்கில் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவதில்) தப்பு செய்தார் என்று எந்தப் புகார் இருந்தாலும், நீங்கள் உங்கள் அடுத்த மூவுக்காக ஒரு காயைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நகர்த்தும் எண்ணத்தோடு காயைத் தொட்ட அந்த நொடியில் உங்கள் உரிமை போய்விட்டது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் 4.8 என்று தேடினால் கிடைக்கும், ஒரே ஒரு வாக்கியம்தான். அதைத் தாண்டி வந்து கேட்டால் எனக்கு மனமிருந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை.

சரி, அப்போதே ஏன் கூப்பிடவில்லை என்று பிள்ளையைக் கேட்டால் வருகிற பதில்தான் என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. "அம்மா சண்டை போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." நடுவரைக் கூப்பிடுவது சண்டையாம், பெருந்தன்மை உள்ளவன் விட்டுக்கொடுப்பானாம். இதைப் பெற்றோர் மட்டும் சொல்வதில்லை, பல வருடம் ஆடிய பெரியவர்களும் சொல்கிறார்கள்.

நடுவரைக் கூப்பிடுவது எதிராளியைத் திருடன் என்று சொல்வது ஆகாது, "எனக்கும் இவருக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு, நீங்கள் தீர்த்து வையுங்கள்" என்று மூன்றாவது ஆளிடம் கேட்பதுதான் அது. அதற்காகத்தான் அந்த ஆளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். சண்டை எப்போது வருகிறது தெரியுமா? கூப்பிடாமல் இரண்டு பேரும் பலகைக்கு மேலே குசுகுசுவென்று வாதாடும்போது வருகிறது, இல்லையென்றால் பொறுத்துக்கொண்டு ஆடித் தோற்றபிறகு அரங்குக்கு வெளியே எதிராளியின் அம்மாவிடம் போய்ச் சத்தம் போடும்போது வருகிறது. பலகையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு அவன் ஏமாற்றுக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதில் என்ன பெருந்தன்மை? குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்குத் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புகூடக் கிடைக்காது.

1994இல் ஸ்பெயினின் லினாரஸில் நடந்த போட்டியில் உலகின் முன்னணி ஆட்டக்காரரான காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, கையை எடுத்து, மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். எதிரே இருந்தவர் 17 வயது ஜூடித் போல்கர். கை விலகியது கால் விநாடி போலத்தான், ஆனால் வீடியோவில் பதிவாகியிருந்தது. போல்கர் அப்போது புகார் செய்யவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, அவர் தோற்றார். அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல்முறை அழைக்கப்பட்டிருந்த தனக்கு மனக்கசப்பை உண்டாக்க விருப்பமில்லை, புகார் எடுபடாவிட்டால் நேர நெருக்கடியில் தண்டனை வருமோ என்ற பயமும் இருந்தது என்று பின்னாளில் விளக்கினார். அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம், முடிவு மட்டும் மாறவில்லை.

2016இல் மாஸ்கோவில், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் நடந்ததையும் பாருங்கள். நகமுரா ராஜாவைத் தொட்டுவிட்டு, காயை நேராக்கிச் சரிசெய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். ஆரோனியன் உடனே ஆட்சேபித்தார், நடுவர் வந்தார், தொட்ட ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும் என்றார், நகமுரா நகர்த்தினார், தோற்றார். ஆரோனியன் செய்ததில் என்ன பண்புக்குறைவு? அந்த இடத்தில் அந்த விதிக்கு அதுதான் வேலை.

அப்புறம் டச் மூவிலேயே இருக்கிற குழப்பம். கையை எடுக்காதவரை மாற்றிக்கொள்ளலாம் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். கட்டத்தை மாற்றலாம், காயை மாற்ற முடியாது. கேஸ்லிங்கில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவுக்குப் போனால் அந்த மூவில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. காயைக் கட்டத்தின் நடுவில் நேராக வைக்க வேண்டுமானால் உங்கள் முறை வரும்போது, தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்டபிறகு "அட்ஜஸ்ட்" என்பதை எந்த நடுவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதெல்லாம் வேண்டுமென்றே தொட்டால்தான். ராணியை எடுக்கப் போகும்போது சட்டைக் கை சிப்பாயில் பட்டுச் சாய்ந்ததற்கெல்லாம் கையைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும். தொட்டது தற்செயல் என்று உங்களுக்கே தெரிகிறது, ஆனால் பலகையில் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள், விதியாவது காப்பாற்றாதா என்று பார்க்கிறீர்கள். 2017 உலக பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) போட்டியில் இனார்கியேவ் தன் ராஜாவுக்கு செக் (எதிராளி காயின் தாக்குதல்) இருக்கும்போது அதைக் கவனிக்காமல் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனுக்குத் திருப்பி செக் கொடுத்தார், அதாவது செல்லாத மூவ். கார்ல்சன் ராஜாவை நகர்த்தினார். உடனே இனார்கியேவ் கடிகாரத்தை நிறுத்தி, கார்ல்சன் வைத்ததுதான் செல்லாத மூவ் என்று வெற்றி கேட்டார். பக்கத்திலிருந்த நடுவர் முதலில் கொடுத்தும்விட்டார். கார்ல்சன் முறையிட்டதும் தலைமை நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார், இனார்கியேவ் மறுத்தார், ஆட்டம் கார்ல்சனுக்குப் போனது. நியாயமில்லாத கோரிக்கைகளால் எதிராளியைத் தொந்தரவு செய்வதே ஒரு விதிமீறல். மூவுக்கு மூவு டிரா கேட்பதும் அதில்தான் சேரும். டிரா கேட்க நேரம் இருக்கிறது: மூவை வைத்த பிறகு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்பு. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது இல்லை.

எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அரங்கில் ஒரு நடுவர் பல பலகைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் சொன்ன நேரத்தில் கூப்பிட்டு, எதிராளி "நான் தொடவில்லை" என்று சொல்லி, வேறு யாரும் பார்க்கவில்லை என்றால், பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடரச் சொல்வதைத் தவிர எங்களுக்கு வழி இருக்காது. அப்படியானால் கூப்பிட்டு என்ன பயன் என்கிறீர்களா? கூப்பிட்ட பலகையை விட்டு அதன்பிறகு என் கண் அவ்வளவு சுலபத்தில் நகராது. அடுத்த ரவுண்டில் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்த்துவைத்துக்கொள்வேன்.

அந்த மாதிரி நேரத்தில் "தொட்டியா கண்ணு?" என்று கேட்டால் சில பிள்ளைகள் எனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கதவுப் பக்கம் பார்க்கின்றன. அங்கே யார் நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: தொட்டேன் என்று உண்மையைச் சொல்லி, அதனால் ஒரு காயை இழந்து, தோற்று வெளியே வருகிற பிள்ளையை "ஏன் ஒத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். அதற்கு அப்புறம் எந்த விதிப் புத்தகமும் அந்தப் பிள்ளையிடம் வேலை செய்யாது.

நடுவரைக் கூப்பிடும் முறை எளிது. கடிகாரத்தை நிறுத்துங்கள், கையைத் தூக்குங்கள், காய்களில் கை வைக்காதீர்கள், எதிராளியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். நான் வந்ததும் நடந்ததைச் சொல்லுங்கள், "இவன் எப்பவுமே இப்படித்தான்" என்ற வரலாறு எனக்கு வேண்டாம். பயிற்சியாளர்களே, திறப்பு மூவ்களை 20 வரை மனப்பாடம் செய்யவைக்கிறீர்கள், கையைத் தூக்கப் பழக்கியிருக்கிறீர்களா? கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு நிசப்தமான அரங்கில் கையைத் தூக்குவது ராணியைப் பலிகொடுப்பதைவிடக் கஷ்டம். பயிற்சி ஆட்டங்களில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பாருங்கள், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

செல்லாத மூவ் விஷயம் கொஞ்சம் வேறு. நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், அதே ஆள் இரண்டாவது தடவை செய்தால் தோல்வி. முதல் தடவையே ஜெயித்துவிட்டதாகக் குதிக்க வேண்டாம். ஆனால் ஒரு நடுவர் நிறைய பலகைகளைப் பார்க்கிற ரேபிட், பிளிட்ஸ் போன்ற குறைந்த நேரப் போட்டிகளில் நீங்கள் அடுத்த மூவை வைத்துவிட்டால் அதைத் திருத்த முடியாது, நடுவர் தலையிடாமல் ஆட்டக்காரர்கள் இருவரும் தாங்களாகவே ஒப்புக்கொண்டால் தவிர. விட்டுக்கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு விதியே இங்கே இடம் வைத்திருக்கிறது. யாராவது பயன்படுத்தினால் சந்தோஷப்படுவேன்.

கை குலுக்குவதில் வருகிற கூத்து தனி. ஒருவன் டிரா என்று நினைத்துக் கை நீட்டுவான், மற்றவன் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று நினைத்துப் பற்றிக்கொள்வான், இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஸ்கோர் ஷீட்டில் முடிவை எழுதும்போதுதான் அழுகை. கை நீட்டுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள், "டிராவா?" அல்லது "நான் ரிசைன்". கையெழுத்துக்கு முன் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தவறான முடிவுக்குக் கையெழுத்துப் போட்டாலும், நடுவர் வேறு விதமாக முடிவெடுத்தாலொழிய, எழுதியதுதான் நிற்கும்.

கைபேசியைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருப்பதே வேதனை. 2003இல் ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போது ஃபிடே உலக சாம்பியனாக இருந்த பொனமாரியோவின் கைபேசி ஒலித்தது, ஆட்டம் போயிற்று. இன்று ஒலிக்கக்கூட வேண்டாம், விளையாடும் இடத்தில் உங்கள் உடம்பில் இருப்பது தெரிந்தாலே தோல்விதான். சைலண்டில் போட்டிருந்தேன் என்பது எனக்குப் பதில் ஆகாது. ஸ்கோர் ஷீட் தவிர வேறு காகிதத்தில் எழுதுவதும் அப்படித்தான்: 2015 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் வெஸ்லி சோ தனக்குத்தானே தைரியம் சொல்லிக் குறிப்பு எழுதினார், எச்சரித்தும் நிறுத்தாததால் ஆட்டத்தை இழந்தார். அதில் ஒரு மூவ்கூட இல்லை.

பார்வையாளர்கள் தப்பு எதையாவது பார்த்தால் நடுவரிடம் மட்டும் சொல்லலாம். பிள்ளையிடம் இல்லை, எதிராளியிடம் இல்லை, இருமியும் கண் காட்டியும் இல்லை.

நடுவரும் மனிதர்தான், தப்பு செய்வார். என் தீர்ப்பு சரியில்லை என்று தோன்றினால் எந்த விதிப்படி என்று கேளுங்கள், விளக்கம் கேட்க ஆட்டக்காரருக்கு உரிமை இருக்கிறது. அதிலும் திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம், அதில் எனக்கு வருத்தமே கிடையாது. அதற்கான கால அவகாசமும் கட்டணமும் போட்டி அறிவிப்பில் போட்டிருக்கும், முதல் ரவுண்டுக்கு முன்பே படித்துவிடுங்கள்.