பாம்பன் காற்றை அளக்கும் லேசர்: துடிப்பின் நீளமும் நிறமாலையின் அகலமும்

பழைய பாம்பன் ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிட்டது. ரயில் கரையிலேயே நின்றது. பாலத்தில் காற்றுமானி இருந்தது. ஆனால் தனுஷ்கோடிக்கு அப்பால், கடலுக்கு மேலே வீசும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றைக் கோபுரம் நடாமல் கரையிலிருந்தே அளக்க வேண்டுமானால், அதற்கு உரிய கருவி துடிப்பு லேசரால் இயங்கும் லிடார்தான். அது 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. காற்றில் மிதக்கும் உப்புத் துகள்களிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண், டாப்ளர் விளைவால் சற்றே மாறியிருக்கும். கதிரின் திசையில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரில் வீசினால் அந்த மாற்றம் ஏறத்தாழ 21 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் அதிர்வெண்ணோ 193 டெராஹெர்ட்ஸ். அதில் இது சுமார் 90 லட்சத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைக் கண்டுபிடிக்க, அனுப்பிய ஒளியின் நிறமாலை குறுகலாக இருந்தாக வேண்டும்.

துடிப்பு குறுகினால் நிறமாலை அகலும். சங்கை நீண்ட மூச்சில் ஊதினால் அதன் சுருதியைக் காது பிடித்துக்கொள்ளும். ஊதத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டால் ஓசை மட்டுமே கேட்கும், சுருதி பிடிபடாது. ஒளிக்கும் இதே விதிதான். மணி வடிவத் துடிப்பு ஒன்றின் நிறமாலை அகலம், 0.44-ஐத் துடிப்பின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. 10 நானோ விநாடித் துடிப்புக்கு அது 44 மெகாஹெர்ட்ஸ். பாலத்தை மூடவைத்த காற்றின் அடையாளமே அதற்குள் மூழ்கிப்போகும். 200 நானோ விநாடிக்கு 2.2 மெகாஹெர்ட்ஸ்தான்.

இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்ச அகலம் மட்டுமே. குறைக்கடத்தி லேசரை மின்னோட்டத்தால் நேரடியாக அணைத்து ஏற்றினால் அகலம் இதைவிடப் பல மடங்கு பெருகும். மின்னோட்டம் பாய்ந்ததும் படிகத்துக்குள் எலக்ட்ரான்களின் அடர்த்தி ஏறுகிறது. அதனால் ஒளிவிலகல் எண் குறைந்து, ஒளியின் அதிர்வெண் மேலே நகர்கிறது. ஒளி வெளிப்பட்டு எலக்ட்ரான்கள் செலவாகும்போது அதிர்வெண் கீழே இறங்குகிறது. ஒரே துடிப்புக்குள் முன்பகுதி ஒரு நிறமும் பின்பகுதி வேறு நிறமுமாக ஆகிவிடுகிறது. இந்த நகர்வு கிகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும். அடர்த்தியும் ஒளிவிலகலும் இப்படிப் பிணைந்திருப்பதால்தான், தொடர்ந்து எரியும் குறைக்கடத்தி லேசரின் அகலம்கூட மற்ற லேசர்களுக்கான கணக்கைவிடப் பெரிதாக இருக்கிறது என்பதை இயற்பியலாளர் சார்லஸ் ஹென்றி 1982-இல் விளக்கினார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது.

அப்படியானால் துடிப்பை நீட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். மின்னோட்டத்தால் உண்டாக்கும் துடிப்பு மைக்ரோ விநாடிக் கணக்கில் நீண்டால் படிகம் சூடேறும். 1.55 மைக்ரோமீட்டர் லேசரில் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் கூடும். அதாவது அதிர்வெண் 12 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும்.

ஆகவே காற்றை அளக்கும் லிடாரில் லேசரைத் தொடவே மாட்டார்கள். அதைச் சீரான மின்னோட்டத்தில் இடைவிடாமல் எரியவிட்டு, வெளிவந்த ஒளியை ஒலியலையால் இயங்கும் ஒரு படிகத்தின் வழியே செலுத்தித் துண்டாக்கி, பிறகு எர்பியம் கலந்த கண்ணாடி இழையில் பெருக்குவார்கள். துண்டாக்கும் வேலை வெளியே நடப்பதால், நிறமாலை இயற்கை விதித்த அகலத்தை ஒட்டியே நிற்கிறது. எனினும் 200 நானோ விநாடித் துடிப்பு சுமார் 30 மீட்டர் ஆழமுள்ள காற்றை ஒன்றாகவே காணும். அதைவிட நுண்மையாகப் பகுக்க விரும்பினால் துடிப்பைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வேகத்தின் துல்லியம் குறையும். ஆயிரக்கணக்கான துடிப்புகளின் நிறமாலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த 2.2 மெகாஹெர்ட்ஸ் முகட்டின் நடுப்புள்ளியை அதன் அகலத்தைவிட நுட்பமாகக் கணிக்கிறார்கள்.