வடித்த கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடிந்ததும் நம் வீடுகளில் குழந்தைக்காக முதலில் அடுப்பேறுவது அரிசிக் கஞ்சிதான். குழந்தை உணவு டின்களில் ஆர்சனிக்கும் ஈயமும் இருப்பதாகச் செய்தி வந்தால், “இனி எல்லாம் வீட்டிலேயே” என்று பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். வீட்டுச் சமையல் நல்லதுதான். ஆனால் டின்னில் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் தொழிற்சாலையில் சேர்ந்ததல்ல. அரிசியோடு வயலிலிருந்தே வந்தது. சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் அரிசி வாங்கி வீட்டில் அரைத்தாலும் அது கூடவே வரும்.

நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதால் மண்ணில் காற்றோட்டம் குறைகிறது. அப்போது மண்ணின் இரும்புத் துகள்கள் பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் நீரில் கரைகிறது. நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் இதையும் உறிஞ்சிக்கொள்கிறது. தவிட்டில்தான் அதிகம் தங்கும். அதனால் சத்து என்று நம்பிப் பழுப்பரிசியைத் தினமும் குழந்தைக்கு அரைத்துக் கொடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

வரம்புகளையும் பாருங்கள். குழந்தைகளுக்கான அரிசி சீரியலில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கின் நச்சு மிகுந்த வடிவம்) என்பது அமெரிக்கா 2020இல் வைத்த அளவு. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் தீட்டிய அரிசிக்கு 0.2, பழுப்பரிசிக்கு 0.35 வரை அனுமதிக்கிறது. மூட்டையில் வாங்கும் அரிசி பெரியவர்களையும் மனத்தில் வைத்து அளக்கப்பட்டது.

சமைக்கும் விதத்தில் நிறையவே குறைக்கலாம். ரைஸ் குக்கர் ஊற்றிய தண்ணீரை முழுதாக வற்றவைப்பதால் ஆர்சனிக் உள்ளேயே நின்றுவிடும். கழுவினால் மட்டும் போவது கொஞ்சம்தான். இப்படிச் செய்யுங்கள்: ஒரு கப் அரிசிக்கு நாலு கப் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கழுவிய அரிசியைப் போட்டு 5 நிமிடம் வேகவிடுங்கள். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, இரண்டு கப் புதுத் தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் வற்றவிடுங்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட முறை இது. பழுப்பரிசியில் பாதிக்கு மேலும், வெள்ளை அரிசியில் 70 விழுக்காட்டுக்கு மேலும் கனிம ஆர்சனிக் குறைந்தது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரே போதும், பாட்டில் தண்ணீர் தேவையில்லை.

இதற்கு முழு அரிசி வேண்டும். நொய்யையோ மாவையோ வடிக்கப் பார்த்தால் மாவுச்சத்தும் சேர்ந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். முழு அரிசியை வேகவைத்து, பிறகு வெந்நீர் விட்டு மசியுங்கள்.

வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுப் பிள்ளைக்கு ஊட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அரிசியை விட்டு வெளியேறிய ஆர்சனிக் போய்ச் சேரும் இடமே அந்தத் தண்ணீர்தான். பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை, அது சிங்க்கில் போகட்டும். (உப்பும் ஒரு வயதுக்குள் வேண்டாம்.)

அரிசியே தினமும் வேண்டாம். ராகி, ஓட்ஸ், கோதுமை ரவை, பாசிப்பருப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். காலையில் அரிசிக் கஞ்சி, மதியம் பருப்புச் சாதம், இடையில் அரிசிப் பொரி பிஸ்கட் என்றால் மூன்று வேளையும் ஒரே தானியம்தான்.

ஈயத்தின் கதை வேறு. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். கைக்குழந்தைக்குப் பாதி வரை சேரலாம். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடும், அதனால் ஆறு மாதத்திலிருந்து இரும்புச்சத்துள்ள உணவு கட்டாயம். 2023இல் அமெரிக்காவில் ஆப்பிள் கூழில் ஈயம் வந்தது அதில் கலந்த பட்டைத்தூளால். மஞ்சளிலும் இது உண்டு: பங்களாதேஷில் கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பூசியது ஆய்வில் வெளிப்பட்டது. அதனால் கிழங்காக வாங்கினால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். உள்ளங்கையில் தேய்த்ததும் பளீர் மஞ்சள் ஒட்டினால் ஒதுக்குங்கள். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த உதிரிப் பொடியைக் குழந்தைப் பருப்பில் போடாதீர்கள்.

ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துவந்த சத்துமாவுக்கு எதிரி சிங்கப்பூரின் ஈரப்பதம். நிலக்கடலையும் சோளமும் சேர்ந்த மாவில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நச்சு உருவாகும். வறுத்தாலும் காய்ச்சினாலும் அது முழுதாக அழியாது. இரண்டு வாரத்துக்கானதை மட்டும் வெளியே வையுங்கள், மீதி ஃப்ரீசரில் இருக்கட்டும். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். கட்டி தட்டியிருந்தாலோ சிக்கு வாடை வந்தாலோ, சலித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள்.

கடைசியாக, தாய்க்குப் பால் ஊறட்டும் என்று செய்யும் சுறாப்புட்டு. சுறா பிற மீன்களைத் தின்று வளர்வதால் மெத்தில் பாதரசம் என்ற நச்சு அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும், தாய்ப்பாலிலும் சிறிதளவு இறங்கும். ஈரச்சந்தையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும்போது சுறாவைத் தேட வேண்டியதில்லை. அந்தச் சிறு மீன்களின் முள்ளை விரலால் இருமுறை தடவி எடுத்தபின் பிள்ளைக்கும் ஊட்டலாம்.