சலத்தில் ரத்தம் போனால் எந்த றிப்போட்டை நம்புவது?

இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். வயது அறுபதுக்கு மேல். நாற்பது வருடச் சுருட்டுப் பழக்கம். கையில் நாலாக மடித்த ஒரு றிப்போட்.

"மிஸ், ரத்தத்தில எல்டிஎச் சரியாத்தான் இருக்கு. அப்ப கான்சர் இல்லதானே?"

ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் சலம் சிவப்பாகப் போயிருக்கிறது. நோவு எதுவும் இல்லை. வெயில் சூடு என்று இளநீர் குடித்தார், மறுநாளே தெளிந்துவிட்டது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று வேறோர் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்து, அந்தக் கடதாசியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

எல்டிஎச் என்பது உடம்பின் அநேகமாக எல்லாக் கலங்களுக்குள்ளும் இருக்கிற நொதியம். கலம் உடைந்தால் வெளியே கசியும். ஈரல் நோயிலும் கூடும், மாரடைப்பிலும் கூடும். ரத்தம் எடுத்த போத்தல் வெயிலில் கிடந்து சிவப்பணுக்கள் உடைந்தாலும் கூடும். இதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். மறுபக்கம், சலப்பையில் சிறிய புற்றுக்கட்டி இருக்கும்போது ரத்தத்தில் இந்த அளவு கொஞ்சமும் அசையாமல் இருக்கலாம்.

சலத்திலேயே நொதியத்தை அளந்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெலோமெரேஸ், ஹையலுரோனிடேஸ் போன்ற நொதியங்களை ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், கிருமித்தொற்று இருந்தால் வெள்ளணுக்கள் வந்து சேரும், அவற்றிலிருந்தும் டெலோமெரேஸ் வரும். கல் உரசி ரத்தம் கலந்தால் சலத்தில் எல்டிஎச் ஏறும். அதனால் இந்த அளவுகளை மட்டும் வைத்துப் புற்று உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

சலத்தில் புற்றுக்கலங்களைத் தேடும் சோதனை இதைவிட உதவும். அதற்கு விடிய எழும்பியதும் போகும் முதல் சலம் வேண்டாம். இரவு முழுக்கத் தேங்கிக் கிடந்ததில் கலங்கள் சிதைந்திருக்கும். ஆனால் வீரியம் குறைந்த கட்டிகளை இந்தச் சோதனையும் தவறவிடும். சந்தேகத்தைத் தீர்ப்பது சலப்பைக்குள் கமரா விட்டுப் பார்ப்பதுதான்.

பெண்கள் விடயத்தில் எனக்குக் கவலை இன்னும் அதிகம். மாதவிடாய் என்றோ, சலக்கடுப்பு என்றோ நினைத்து, அன்டிபயோடிக் மாறி மாறிக் குடித்துக்கொண்டே நாள் போய்விடும். ரத்தம் இளக்கும் குளிசை குடிப்பவர்களும் குளிசைமேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. புகைப்பவர்கள் ஒரே ஒரு தரம் சிவந்தாலும் டொக்டரிடம் போக வேண்டும்.

அந்த ஐயாவுக்குக் கமரா விட்டபோது கட்டி தெரிந்தது. நல்லவேளை, தசைக்குள் இறங்கவில்லை. சலம் போகும் வழியாலேயே வழித்தெடுத்தார்கள். இந்தக் கட்டி திரும்ப வரும் சுபாவமுள்ளது என்பதால் தவணைக்குத் தவணை கமரா சோதனைக்கு வருகிறார். போன தவணை வந்தபோது, சலம் சிவந்த பக்கத்து வளவுக்காரரையும் கையோடு கூட்டிவந்தார்.