பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து அடி வளையம்

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் இரண்டு பழக்கூடைகளை மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. கூடைப்பந்து வளையம் இன்றும் 3.05 மீட்டரில் நிற்பதற்கு அதுதான் காரணம். அன்று ஆடியவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள். அதே உயரத்தின் கீழ் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தி, பெரியவர்களின் பந்தையும் கையில் கொடுத்து, "முழங்கையை உள்ளே வை, நேராக எறி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளை எறிவதை நிதானமாகப் பாருங்கள். பந்து முதலில் வலது இடுப்புக்கு இறங்கும். உடம்பு பக்கவாட்டில் முறுகும். பிறகு இரண்டு கையும் சேர்ந்து பந்தை மேலே வீசும். கால் தரையை விட்டு எழும்பி, அரையடி முன்னால் போய் விழும். "ஃபார்ம் சரியில்லை" என்று பயிற்சியாளர் திருத்தப் போகிறார். ஆனால் அந்த முறுக்கல் ஒவ்வொன்றும், தோளிலும் கையிலும் இல்லாத வலுவை இடுப்பிலிருந்தும் ஓட்டத்திலிருந்தும் அந்த உடம்பு கடன் வாங்குவது. கொடுத்த வேலைக்கு அதுவே பொருத்தமான விடை. மாற்ற வேண்டியது வேலையை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் கையிலிருந்து பந்து 1.4 மீட்டர் உயரத்தில் கிளம்புகிறது, வளையம் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டால், பந்து வளையத்தை எட்டக் குறைந்தது நொடிக்கு 7.7 மீட்டர் வேகம் வேண்டும். அதாவது மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் குறைந்த வேகத்தில் எட்டுவதற்கும் ஒரே ஒரு கோணம்தான் உண்டு: ஏறக்குறைய 56 பாகை. அதைவிடத் தாழ்வாக எறிந்தாலும் உயரமாக எறிந்தாலும் இன்னும் வலு வேண்டும்.

சிக்கலே இங்குதான். அப்படி எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கும்போது கோணம் சுமார் 34 பாகைதான். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு எதிரே படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகத் தெரியும். தாழ்வாக வரும் பந்துக்கும் வளையம் அப்படித்தான் ஒடுங்கி நிற்கும். வளையத்தின் விட்டம் சுமார் 45.7 சென்டிமீட்டர். 34 பாகையில் வரும் பந்துக்குத் திறந்திருப்பது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். பெரியவர்கள் ஆடும் 7-ஆம் அளவுப் பந்தின் விட்டமோ 24 சென்டிமீட்டர். அந்தச் சின்ன உடம்பு முழு பலத்தையும் திரட்டி எறிந்த பிறகும், பிசகுவதற்கு மிஞ்சுவது ஒரே ஒரு சென்டிமீட்டர்தான்!

சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் இருக்கும், பந்தும் சிறியது, 5-ஆம் அளவு. அதே பிள்ளை, அதே தூரம் என்று வைத்து மறுபடி கணக்கிட்டால், பந்து சுமார் 37 பாகையில் இறங்குகிறது. திறப்பு 27 சென்டிமீட்டர், பந்து 22 சென்டிமீட்டர். இடைவெளி ஒன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டராகிறது. பந்துக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றலும் கால்வாசிக்கு மேல் குறைகிறது. அப்படி மிச்சமாகும் வலுவில் பிள்ளை பந்தை இன்னும் உயரமாக அனுப்பலாம். திறப்பு மேலும் விரியும். வளையத்தை இறக்குவது பிள்ளைகளுக்குச் சலுகை கொடுப்பது என்று நினைக்கும் பெற்றோர்கள் இந்த எண்களை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து, சுழற்சி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிரான், சில்வர்பெர்க் என்ற ஆய்வாளர்கள் ஃப்ரீ த்ரோவை, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவதை, கணினியில் பல லட்சம் முறை எறிய வைத்துப் பார்த்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்ந்த ஆண் வீரருக்கு உகந்தது 52 பாகைக் கோணமும், நொடிக்கு மூன்று சுற்று பின்சுழற்சியும். பின்சுழற்சி இருந்தால் பந்தின் முன்பக்கம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் படும் கணத்தில் உராய்வு அதைத் தடுத்துக் கீழே தள்ளும். பந்து வளையத்தை நோக்கித் திரும்பும். இந்தச் சுழற்சி விரல் நுனியில்தான் பிறக்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைசியாக விலக வேண்டும். மற்ற கை பந்தைத் தாங்கினால் போதும். அந்தக் கையின் கட்டைவிரல் கடைசி நேரத்தில் லேசாகத் தள்ளினாலே பந்து பக்கவாட்டில் சுழன்று விலகிப் போகும். கண்டுபிடிப்பது சுலபம்: காற்றில் போகும் பந்தின் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். ஒழுங்காகப் பின்னோக்கி உருண்டால் சரி. தள்ளாடினால் கட்டைவிரலைக் கவனியுங்கள். பந்து கனமாக இருந்தால் அந்தக் கட்டைவிரல் தானாகவே வந்துவிடும், திட்டிப் பயனில்லை.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிப்ளிங்குக்கும் விரல்தான். உள்ளங்கையால் அறையாமல் விரல்களால் தள்ளப் பழகினால், பந்து எங்கே இருக்கிறது என்பதைத் தொடு உணர்வே சொல்லும். கண் நிமிர்ந்து ஆட்களைப் பார்க்கும்.

இனி, எப்படிப் பழக்குவது? ஒரே இடத்தில் நின்று இருபது முறை எறி என்பது எல்லா மைதானங்களிலும் நடப்பது. 1978-இல் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுப் பிள்ளைகளைக் குறிபார்த்துச் சின்னப் பைகளை எறிய வைத்தார்கள். ஒரு பிரிவு 3 அடித் தூரத்தில் மட்டும் பழகியது. இன்னொரு பிரிவு 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறிப் பழகியது. 3 அடியில் எறியவே இல்லை. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, மாறி மாறிப் பழகியவர்களே குறிக்கு நெருக்கமாக எறிந்தார்கள். தூரம் மாறும்போதெல்லாம் எவ்வளவு வலு வேண்டும் என்று மூளை புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது, அந்தக் கணக்குதான் கற்றலாகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே ஒவ்வொரு எறிதலுக்கும் இடத்தை மாற்றுங்கள். அன்றைய பயிற்சியில் நிறையத் தவறும். பார்த்துக்கொண்டிருப்பதற்கு உண்மையிலேயே பொறுமை வேண்டும்.

சொல்லும் வார்த்தைக்கும் பலன் உண்டு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டை நினைத்து ஃப்ரீ த்ரோ எறிந்ததைவிட வளையத்தை நினைத்து எறிந்தபோது குறி நன்றாக அமைந்தது. கைத்தசைகளும் தேவையில்லாமல் இறுகவில்லை. உடம்பைக் கவனிக்கச் சொன்னால் தானாக ஓடும் அசைவில் நாம் குறுக்கிடுகிறோம். "மணிக்கட்டை மடக்கு" என்பதற்குப் பதிலாக, "வளையத்தின் முன் விளிம்புக்கு மேலே பந்தைத் தாண்ட வை" என்று சொல்லிப் பாருங்கள்.

பந்து தவறியதும் காரணத்தை நாமே சொல்லிவிடாமல், "எங்கே பட்டது?" என்று முதலில் பிள்ளையைக் கேட்பது நல்லது. முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது என்றால் பெரும்பாலும் முழங்கால் மடங்கவில்லை, காலின் வலு பந்துக்குப் போய்ச் சேரவில்லை. பின் விளிம்பில் பட்டது என்றால் வலு கூடிவிட்டது. அடுத்ததைச் சற்று உயரமாக எறியச் சொல்லலாம். இடமோ வலமோ விலகினால் கையையும் கட்டைவிரலையும் பார்க்க வேண்டும். இப்படிச் சில வாரம் கேட்டு வந்தால், பந்து வளையத்தைத் தொடும் முன்பே "குறைஞ்சிடுச்சு" என்று பிள்ளையே சொல்ல ஆரம்பிக்கும்.